கோச்சு வண்டியும் ஈயும்

எங்கள் மூலக்கொத்தளத்தில் யாரிடமாவது ‘ஐ.சி.எஃப்.’ என்று சொன்னால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் வழி காட்டுவார்கள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு வந்து தொடங்கி வைத்த தொழிற்சாலை அது. 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் வெளிவந்ததும் அங்கிருந்துதான். ஆகவே ‘கோச்’ என்றால் வடசென்னைக்காரர்களுக்கு ரயில் பெட்டி. ‘கோச்சிங்’ என்றால் நீட், டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு.

உலகத்தில் இன்னொரு ஐ.சி.எஃப். இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு. கம்பெனி அதிகாரிகளோடு தனியாக உட்கார்ந்து பேசி, அவர்கள் வேலையில் மேம்பட உதவுகிற ‘கோச்’களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு. இதற்கு எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் என்று பெயர். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளே “எனக்கு ஆபீஸ்ல கோச் போட்டிருக்காங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கேட்ட பெரியவர்களில் பாதிப் பேர் “இந்த வயசுல டியூஷனா?” என்று சிரிக்கிறார்கள். மீதிப் பேர் “வேலைக்கு ஆபத்தோ?” என்று பயப்படுகிறார்கள். சிரிக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம் என்பது என் கட்சி. அதே சமயம், இது மேல்மாடியில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பதும், நடுமாடியில் இருப்பவர்களுக்குக் கிடைக்காததும்தான் இதன் பெரிய குறை என்றும் நினைக்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு வார்த்தையைப் பார்த்தால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போவது என் பழக்கம். ஹங்கேரியில் ‘கோச்’ என்றே ஒரு கிராமம் உண்டு. அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. பிரெஞ்சில் அது ‘கோஷ்’ ஆனது, ஆங்கிலத்தில் ‘கோச்’ ஆனது, நம் சென்னையில் கோச்சு வண்டி ஆனது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையில் தேற வைக்கும் தனி ஆசிரியரைக் கேலியாகக் ‘கோச்’ என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார் என்று அர்த்தம். வார்த்தை அங்கிருந்து விளையாட்டு மைதானத்துக்குப் போய், பிறகு ஆபீசுக்கு வந்தது. ஆனால் ஆபீஸ் கோச் யாரையும் சுமந்து போவதில்லை. நடக்க வேண்டியவர்தான் நடக்க வேண்டும்.

அப்படியானால் அவர் என்னதான் செய்கிறார்? நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் உள்ளே வருவதற்கு முன் துறைமுக பைலட் ஏறுகிறார். ஆழம் எங்கே, திருப்பம் எங்கே என்று அவருக்குத் தெரியும். “இப்படித் திருப்பு” என்று சொல்லி, பெர்த்தில் கொண்டு போய்ச் சேர்ப்பார். கம்பெனிகள் காசு கொடுத்து அழைக்கும் ஆலோசகர் இந்த பைலட் மாதிரி. வகுப்பெடுக்கும் பயிற்சியாளர் வாத்தியார் மாதிரி. மனக்கஷ்டத்துக்குப் பார்க்கும் கவுன்சலர் டாக்டர் மாதிரி. கோச் இந்த மூவரிலும் சேராதவர். அவருக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பார், சொன்னதை மறுபடி உங்களுக்கே காட்டுவார். அடுத்த தடவை வரும்போது, செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்பார்.

வழக்கமாக 6 மாதமோ ஒரு வருடமோ, 2 வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் என்று நடக்கும். ஆரம்பத்தில் மேலே இருப்பவர், கூட இருப்பவர், கீழே இருப்பவர் எல்லோரிடமும் உங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வாங்குவதும் உண்டு. பணம் கம்பெனி கொடுக்கும். பேச்சு மட்டும் கோச்சுக்கும் அவருக்கும் இடையே. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொழில் தெரியாதவர் எப்படி உதவ முடியும் என்று கேட்பவர்களுக்கு நம்ம ஊர்ப் பிள்ளை குகேஷ் பதில். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். காய் நகர்த்தலுக்கு அவரோடு போலந்து நாட்டு கிராண்ட்மாஸ்டர் கயேவ்ஸ்கி இருந்தார். அது போதாதென்று பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கரையும் வைத்துக்கொண்டார். 2011இல் நாம் கிரிக்கெட் உலகக் கோப்பை வாங்கியபோது நம் அணியின் மனப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். செஸ் நிபுணர் அல்ல. குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய் வைத்து, தோற்றார். 12ஆவது ஆட்டத்திலும் தோற்றார். அப்படித் தோற்ற பிறகு நிம்மதியாகத் தூங்கி எழுந்து மறுபடி பலகை முன் உட்காருவதற்கு எந்த ஓப்பனிங் புத்தகமும் உதவாது. 14ஆவது ஆட்டத்தில் ஜெயித்து, ஏழரைக்கு ஆறரை என்று பட்டம் வாங்கினார். ஆடியது குகேஷ்தான்.

இன்னொரு உதாரணம் டாக்டர் அதுல் கவாண்டே. இந்திய வம்சாவளி, பாஸ்டனில் அறுவை சிகிச்சை நிபுணர், நிறையப் புத்தகம் எழுதியவர். பல வருடம் தொழில் செய்த பிறகு, ‘டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு எத்தனை பெரியவரானாலும் கோச் இருக்கிறார், எனக்கு ஏன் இல்லை?’ என்று யோசித்தார். தனக்குப் பாடம் சொன்ன, ஓய்வு பெற்ற டாக்டர் ஆஸ்டீனை ஆபரேஷன் தியேட்டருக்கு வரச் சொன்னார். ஒரு தைராய்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமே இருக்காது என்று இவர் நினைத்தபோது, பெரியவர் கையில் ஒரு பக்கம் நிறையக் குறிப்புகள். விளக்கு வெளிச்சம் நகர்ந்து போனது இவருக்குத் தெரியவில்லை. சில சமயம் முழங்கை தோள் வரை உயர்ந்தது, அப்படி இருந்தால் கை கட்டுப்பாட்டில் இருக்காது. இதை 2011இல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் அவரே எழுதினார். நல்ல நிலையில் இருப்பவருக்கும் தன் முழங்கை தனக்குத் தெரியாது என்பதுதான் இதில் விஷயம்.

இனி நம் பக்கத்துக் கதை. என் தங்கை மகன் எண்ணூர் – மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பெயர் வேண்டாம். நல்ல எஞ்சினியர், அதனாலேயே மேனேஜர் ஆக்கினார்கள். அவனுக்குக் கீழே 14 பேர். ஒரு வருடத்துக்குள் 3 பேர் வேலையை விட்டுப் போனார்கள், 2 பேர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார்கள். ஒரு நாள் எச்.ஆர். பிரிவிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம்: 6 மாதம் கோச்சிங். தங்கை எனக்குப் போன் பண்ணி, “அண்ணே, வேலைய விட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி செய்யற சடங்கா இது?” என்று அழுதாள். திருவொற்றியூரில் வாங்கிய வீட்டுக்குக் கடன் போய்க்கொண்டிருக்கிறது, 2 பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவன் ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தான். மரியாதையாக நாமே போய்விடலாம் என்ற எண்ணம்.

குமாஸ்தா புத்தி எனக்கு இதில் உதவியது. “ராஜினாமா இருக்கட்டும், வந்த ஆர்டரை முழுசாக் கொண்டா” என்றேன். முதல் பத்தியைப் படித்துவிட்டுப் பயப்படுவதற்கா ஆர்டர்? 2ஆம் பக்கத்தில் இருந்தது: கோச் கம்பெனிக்குக் கொடுப்பது வருகைப் பதிவும், இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட இலக்குகளும் மட்டும், பேசியது எதுவும் வெளியே போகாது, சம்பள உயர்வுக்கோ வேறு நடவடிக்கைக்கோ இதைப் பயன்படுத்த மாட்டோம். “மாமா, நெஜமாவே எச்.ஆருக்குப் போவாதா?” என்று கேட்டான். “எழுத்துல குடுத்திருக்காங்க. மொத நாளே அந்தம்மாகிட்ட இதையே கேளு” என்றேன். கேட்டிருக்கிறான். அவர் கோபப்படவில்லை. அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று சொன்னாராம்.

இரண்டாவது சந்திப்பில் அந்த அம்மாள் கேட்டது: “நேத்து ஷிஃப்ட்ல நீங்க செஞ்ச வேலைங்க எல்லாத்தையும் எழுதுங்க. அதுல வேற யாராலயும் செய்ய முடியாதது எத்தனை?” எழுதினான். மொத்தம் 11 வேலை. அவனால் மட்டுமே ஆகக்கூடியது 2. “மத்த 9 உங்க கையில இருக்கறதால யாருக்கு என்ன நஷ்டம்?” இதற்கு அவனிடம் பதில் இல்லை. அந்த அம்மாளும் பதில் சொல்லித் தரவில்லை. கேள்வியோடு அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் அதே யோசனையாக இருந்தவன், தானே கண்டுபிடித்தான். சூப்பர்வைசர் பார்த்த வேலையை எல்லாம் இவன் மறுபடி பார்க்கிறான். ஃபிட்டர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கித் தானே முடுக்குகிறான். நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் அந்த மனிதர்கள், ‘நம்மை நம்பவில்லை’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு காலை மீட்டிங்கில் முதல் 10 நிமிடம் தான் பேசுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டான். மூன்றாவது மாதம், ஒரு மெஷின் நின்றுபோனதை சூப்பர்வைசரே சரி செய்துவிட்டு, பிறகு போனில் தகவல் மட்டும் சொன்னார். அன்று ராத்திரி என் தங்கை மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை அழவில்லை.

ஆனால் எல்லாம் கோச் செய்த மாயம் என்று எழுதினால் அது பொய். அந்தப் பிரிவில் 2 இடம் ஒரு வருடமாகக் காலி. இருப்பவர்கள் இரட்டை ஷிஃப்ட் பார்த்துக் களைத்திருந்தார்கள். எந்தக் கோச்சாலும் காலியிடத்தை நிரப்ப முடியாது. தங்கை மகன் ஓவர்டைம் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி மேலே அனுப்பினான். முன்பு வீட்டில் வந்து புலம்பியதை இப்போது காகிதத்தில் கேட்டான். ஆள் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் யாரும் விட்டுப் போகாமல் நின்றது. ஏற்கெனவே போனவர்கள் திரும்பி வரவில்லை; அதில் ஒருவர் அந்தப் பிரிவிலேயே சிறந்த ஃபிட்டர். கோச் 1 வருடம் முன்னால் வந்திருந்தால் அவர் இருந்திருப்பாரோ என்று அவன் இன்றும் சொல்கிறான்.

இங்கேதான் என் வாதம். அவனை மேனேஜர் ஆக்கிய அன்றே யாராவது ஒருவர் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் செய்வது என்ன? நல்ல எஞ்சினியரை மேனேஜர் ஆக்குகிறோம், நல்ல நர்ஸைத் தலைமைச் செவிலியர் ஆக்குகிறோம், நல்ல உதவியாளரைக் கண்காணிப்பாளர் ஆக்குகிறோம். பழைய வேலையில் கெட்டிக்காரர் என்பதால் புது வேலை கொடுக்கிறோம். புது வேலை மனிதர்களை நடத்துவது. அதை அவர் எங்கே கற்றார் என்று யாரும் கேட்பதில்லை.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளரைப் பவானிசாகருக்கு அனுப்பி, கோப்பு நடைமுறை, விதிகள் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் வேலைக்கு வந்த பிறகு ஒருவரைத் திருத்த நம்மிடம் இருந்த கருவிகள் என்ன? மெமோ. அதற்கு மேல் 17(ஏ). அதற்கும் மேல் 17(பி). எல்லாம் தண்டனைக் கருவி. தப்பு செய்தால்தான் ஒருவரோடு பேசுவோம் என்ற ஏற்பாட்டில், ‘கோச் போட்டிருக்கிறார்கள்’ என்றால் குடும்பம் பயப்படத்தான் செய்யும்.

இருந்தாலும் நம் அலுவலகங்களிலும், பெயர் தெரியாமலே கோச்சாக இருந்தவர்கள் உண்டு. 1970களில் என் செக்‌ஷனில் ஒரு கண்காணிப்பாளர். யார் வரைவு கொண்டு போனாலும் சிவப்பு மையைத் தொட மாட்டார். “தம்பி, இந்த ஃபைல்ல யார் காத்துக்கிட்டிருக்காங்க?” என்று கேட்பார். குடும்ப ஓய்வூதிய ஃபைல் என்றால், காத்திருப்பது ஒரு விதவை. “அந்தம்மா இந்த லெட்டரப் படிச்சிட்டு நாளைக்கு எங்க போகணும், எதை எடுத்துக்கிட்டுப் போகணும்?” அவ்வளவுதான் கேட்பார். வரைவை வாங்கிக்கொண்டு போய் நாங்களே மாற்றி எழுதுவோம். அந்தச் செக்‌ஷனிலிருந்து பதவி உயர்வில் போனவர்கள் எல்லாம் அந்தக் கேள்வியைத் தங்கள் புது இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்குக் கொடுத்தது பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. நடுமாடியில் கோச்சிங் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மேனேஜிங் டைரக்டரைத் தொழிலாளி வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். சூப்பர்வைசரைத் தினமும் பார்க்கிறார்.

இது நம் நாட்டுக்குப் புது யோசனையும் அல்ல. 1970களின் நடுவிலேயே ஆமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் எல் அண்ட் டி நிறுவனத்துக்காக ஒரு மனிதவள ஏற்பாட்டை வகுத்தபோது, மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், மேலதிகாரி கீழே இருப்பவரோடு உட்கார்ந்து பேசுவதையும் அதில் ஒரு பகுதியாக வைத்தார்கள். மத்திய அரசு 2020 செப்டம்பரில் ‘மிஷன் கர்மயோகி’க்கு ஒப்புதல் கொடுத்தது. 5 வருடத்துக்கு 510.86 கோடி ரூபாய், சுமார் 46 லட்சம் ஊழியர்களுக்கு இணைய வழிப் பாடங்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் திரையில் பாடம் பார்ப்பது பயிற்சி, “நேற்று நீ என்ன செய்தாய்?” என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். பாடத்துக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கை அந்த மனிதருக்கு ஒதுக்கலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நாங்கள் மனப்பாடம் செய்த லா ஃபோன்தேன் கதைகளில் ‘கோச்சு வண்டியும் ஈயும்’ என்று ஒன்று. மணல் மேட்டில் 6 குதிரைகள் ஒரு வண்டியை மூச்சு வாங்க இழுக்கின்றன. ஓர் ஈ வந்து ஒரு குதிரையைக் கடிக்கிறது, இன்னொன்றின் காதில் ரீங்காரம் இடுகிறது, வண்டிக்காரன் மூக்கில் உட்காருகிறது. வண்டி மேட்டில் ஏறியதும், எல்லாம் என்னால்தான், கூலி கொடுங்கள் என்று குதிரைகளிடமே கேட்கிறது. சும்மா பறந்து பேர் வாங்குபவனைப் பிரெஞ்சில் இன்றும் ‘வண்டி ஈ’ என்பார்கள். கோச்சிங் தொழிலில் ஈக்கள் நிறைய. டாக்டர், வக்கீல் மாதிரி இதற்குச் சட்டப்படி உரிமம் கிடையாது. இன்று போர்டு மாட்டினால் இன்றே கோச். நான் சொன்ன சர்வதேசக் கூட்டமைப்பு, முதல் நிலைச் சான்றிதழுக்கு 100 மணி நேரம், அடுத்ததற்கு 500, மேல்நிலைக்கு 2,500 மணி நேர அனுபவம் கேட்கிறது. அதுவாவது ஓர் அளவுகோல்.

பலன் உண்டா என்று ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வேலைத் திறன், மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது எல்லாவற்றிலும் நல்ல பலன் தெரிவதாகச் சொன்னார்கள். கோச் இல்லாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பலன் அளவு குறைந்ததையும் மறைக்காமல் சொன்னார்கள். என் அனுபவத்துக்கும் அது சரியாகத்தான் படுகிறது. பலன் உண்டு, விளம்பரத்தில் சொல்கிற அளவு இல்லை.

ஈயையும் கோச்சையும் பிரிக்க என்னிடம் 3 கேள்விகள் உண்டு. பேசியது ரகசியமாக இருக்கும் என்று எழுத்தில் உண்டா? இல்லையென்றால் அது கோச்சிங் இல்லை, வேவு. எப்போது முடியும் என்று தேதி உண்டா? முடிவே இல்லாத கோச்சிங், கோச்சின் வருமானத்துக்கு மட்டும் நல்லது. மூன்றாவதாக, ஆள் பற்றாக்குறை, மோசமான மெஷின், தாமதமாகும் சம்பளம் போன்ற நிர்வாகக் குறைகளை மறைக்க இது வந்திருக்கிறதா? அப்படியென்றால் குதிரையைத் திருத்த வேண்டியதில்லை, சக்கரத்தைத்தான் திருத்த வேண்டும்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து கோச் வைக்க வசதி இல்லாத சின்ன நிறுவனங்கள், தங்களிடமே இருக்கும் மூத்தவர்களில் பொறுமையானவர்களைப் பொறுக்கி இந்த வேலைக்குப் பழக்கலாம். ஆனால் நேர் மேலதிகாரி மட்டும் வேண்டாம். வருடக் கடைசியில் அந்தரங்கக் குறிப்பு எழுதப்போகிறவரிடம் யார் மனம் திறந்து பேசுவார்கள்? அடுத்த பிரிவுக்காரராக இருக்கட்டும்.

வள்ளுவர் 45ஆம் அதிகாரத்துக்குப் பெரியாரைத் துணைக்கோடல் என்று பெயர் வைத்தார். அரசனுக்கே இடித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம். துணையைத் தேடிக்கொள்ள வேண்டியவன் அவன். யாரும் அவன் மேல் திணிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை கோச்சோடு பேசப் போகிறான் என்றால் அதை அப்படிப் பாருங்கள். “என்ன சொன்னாரு?” என்று துருவாதீர்கள், அது அவனுக்கும் அவருக்கும் இடையே உள்ளது. நாம் பென்ஷன்காரர்கள், வாயைத் திறந்தால் அறிவுரைதான் வரும். அவன் களைத்துப்போய் வந்து உட்காரும்போது, “இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” என்று ஒன்று மட்டும் கேட்டுவிட்டு, காபி ஆறினாலும் பரவாயில்லை என்று அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். இதற்குச் சான்றிதழ் தேவையில்லை, காசும் செலவில்லை.